மேனுஷா (பாடகி, லண்டன்)

1

என் தம்பி ஜீவரத்தினம் இறந்த முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலருக்காக, அவனுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். அது அவன் மகள் மேனுஷாவின் கதையாகிவிட்டது. காரணம் நான்தான். மரண அறிவித்தலில் அவளுடைய பெயரை நான் போடவில்லை. மறதியல்ல. வேண்டுமென்றே விட்டேன்.

2

முதலில் எழுதியது: “லண்டன் டூட்டிங்கில் பிறந்து, கோயில் தேவாரப் போட்டியில் முதற்பரிசு பெற்று, பிற்காலத்தில் வழி தவறி…”

[வெட்டிவிட்டேன். வழி தவறியவள் மூன்று ஆல்பம் வெளியிட்டு மண்டபங்களை நிரப்புவாளா?]

மறுபடி: “பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்தை விட்டு மதுக்கடை மேடைகளில் சோல் பாடினாள். இருபத்தேழில் முதல் ஆல்பம். அன்றிலிருந்து தந்தை அவளோடு பேசவில்லை. பிறகு தொண்டையில் சத்திரசிகிச்சை. திரும்பி வந்த குரல் கரகரத்தது. அந்தக் குரலுக்குத்தான் இப்போது…”

[சோல் என்றால் என்னவென்று கேட்கும் உறவினருக்கு: மனத்தில் கிடப்பதை மறைக்காமல் பாடுவது. எங்கள் குடும்பத்துக்கு ஒவ்வாததே அதுதான். தந்தையின் பதினொரு வருட மௌனத்தை அவள் மேடையில் பாடுகிறாள். அதை இன்றும் நான் ஒப்பமாட்டேன்.]

3

செத்தவீட்டு மண்டபத்தில் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“பெரியப்பா, அறிவித்தலில என்னை ஏன் விட்டனீங்கள்?”

“உன்ர அப்பர் பேசாத பிள்ளையை நான் எப்பிடிப் போடுறது?”

“அவர் பேசேல்லைத்தான். அதுக்காக நான் பிறக்கேல்லையோ?”

அவளுடைய அண்ணன் பிரியந்தன் குறுக்கே வந்தான். “மலரிலயாவது பேரைப் போடுங்கோ, பெரியப்பா.”

“போடுறன். பேர் மட்டும்.”

“அண்ணாக்குப் பொறியியலாளர் எண்டு போடுவியள். எனக்குப் பாடகி எண்டு போட ஏலாதோ?” என்றாள் அவள். “ஏலாதெண்டா பேரும் வேண்டாம். முப்பத்தொண்டுக்கும் நான் வரமாட்டன்.”

4

ஒரு முடிவு: தம்பியின் கட்டிலுக்கடியில் அவளுடைய மூன்று ஆல்பங்களும்…

[இல்லை. தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.]

இன்னொரு முடிவு: அவளுடைய கச்சேரியில், முன்வரிசையில், கண்கலங்கி நான்…

[நான் போனதில்லை. போகவும் மாட்டேன்.]

5

“பாடகி எண்டு போட்டால் சனம் என்ன சொல்லும்?” என்று நான் எழுதியதைப் பார்த்து மைத்துனர் மகாலிங்கம் கேட்டார்.

“சனம் தங்கட மலரில தாங்கள் எழுதட்டும்,” என்றேன்.

நேற்று, அச்சகத்துக்கு அனுப்புமுன், அவளுக்கு ஃபோனில் வாசித்தேன்: “பிரியந்தன் (பொறியியலாளர், லண்டன்), மேனுஷா (பாடகி, லண்டன்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்…”

இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“அப்பா பேசாமல் விட்டதையும் எழுதுவியளோ?”

“அது ஏலாது, பிள்ளை.”

“அப்ப நானும் அந்தப் பாட்டை விடமாட்டன்.”

“விடச் சொல்லி நான் கேட்டனானோ?”

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. அவள் வருவாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. தம்பி செய்தது சரியா, அவள் பாடுவது சரியா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் எங்கள் வாசலுக்கு வெளியே நின்று சொல்லுங்கள்.