காயலில் எறிந்த சிலிண்டர்

வேம்பநாட்டுக் காயலில் முப்பத்தொரு வருஷம் படகு இஞ்சின் ஓட்டினேன். அங்குள்ள கரிமீன் அத்தனைக்கும் என் இருமல் தெரியும். அப்பேர்ப்பட்ட எனக்கு வருஷா வருஷம் தீயணைப்பு வகுப்பாம்! கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் குறட்டை விடுவேன். கூரை ஓடுகள் இரண்டு அங்குலம் எழும்பி உட்காரும்.

வகுப்பெடுப்பவள் ஓமனா. படகுகளின் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பதும் அவள்தான்.

"பைலிச்சேட்டா, பிடிக்குக் குறுக்கே செருகியிருக்கிற இந்தப் பின்னை ஒரு தடவை உருவிப் பாத்துட்டுத் தூங்குங்களேன்."

"நீ பொறக்கறதுக்கு முந்தியே உருவினவன் மோளே நான்!"

உண்மைதான். வேலையில் சேர்ந்த வருஷம், ஒரே ஒரு தடவை.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கையில், நடுக்காயலில், இஞ்சின் அறையிலிருந்து புகை. பயணிகள் எண்பது பேர். அலறல் கோட்டயம் வரை கேட்டிருக்கும். சிலிண்டரைத் தூக்கிப் பிடியை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினேன். மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். "காலி சிலிண்டர்!" என்று கத்தி, அதைக் காயலில் வீசினேன். என் வயசுக்காரன், படகு ஊழியன் ரெஜி, இன்னொன்றை எடுத்து டக்கென்று பின்னை உருவினான். பத்து நொடியில் தீ அடங்கியது.

அந்த 'டக்'கிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அறிக்கையில் 'சிலிண்டர் காலி' என்றே எழுதினேன்.

நாலாம் நாள் ஓமனாவுக்கு மெமோ வந்தது. சோதிக்காமலே கையெழுத்திட்டாளாம், வேலை போய்விடும் என்றார்கள். படகுத்துறையில் என்னிடம் வந்தாள்.

"எடை போட்டுத்தான் வச்சேன் சேட்டா. எங்கே தப்பு பண்ணினேன்னே தெரியல."

என்மேல் அவளுக்குத் துளி சந்தேகமில்லை. காயலே வந்து என்னை விழுங்கியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவிழாத வேட்டியை அவிழ்த்துக் கட்டினேன்.

நேரே மேலாளர் அறைக்குப் போனேன்.

"சாரே, நிறைஞ்ச சிலிண்டரைத்தான் எறிஞ்சேன். பின்னை உருவணும்கிறதே மறந்துபோச்சு."

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ்லயா?"

"முப்பது வருஷம் வகுப்புல தூங்கினேன் சாரே."

மெமோ பேர் மாறி என்னிடம் வந்தது. அடுத்த வகுப்பில் ஓமனா என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினாள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னைத் தப்பான பக்கம் இழுத்தேன். ஒருவன் களுக்கென்றான்.

"யாரும் சிரிக்கக் கூடாது," என்றாள்.

மூன்றாம் முயற்சியில் அந்தப் பின் கையோடு வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினேன்.

"எங்க போறீங்க சேட்டா? இன்னொரு தடவை."