கழுதை பாலத்தைத் தாண்டட்டும்

ஒரே சமயத்தில் மூன்று புத்தகங்கள் படிப்பவள் நான். பேருந்துக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் என் மேசை இழுப்பறைக்கு ஒன்று. பேருந்துப் புத்தகம் ஒல்லியாக இருக்க வேண்டும். நின்றபடி ஒரு கையில் பிடிக்க வேண்டுமே. இப்போது அதில் ஒரு துப்பறியும் கதை ஓடுகிறது. கொலைகாரன் யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். துப்பறிகிறவர்தான் பாவம், இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். படுக்கைப் புத்தகம் தத்துவம். ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை, அவ்வளவு நல்ல தூக்கம். எழுதியவர் நன்றாக இருக்கட்டும்.

கொலைகாரனை எப்படித் தெரியும் என்றால், எந்தப் புத்தகத்தையும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும். கடைசிவரை யார் வருவார், யார் பாதியில் போய்விடுவார் என்று தெரிந்தால், யாரிடம் எவ்வளவு ஒட்டிக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். வாழ்க்கையில்தான் அந்த வசதி கிடையாது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்திலுமா இருக்கக் கூடாது?

இழுப்பறைப் புத்தகம் தலையணை கனம். கணவனை இழந்த ஒருத்தி தன் கோவேறு கழுதையை விற்பதற்காக மலையைக் கடந்து சந்தைக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. மலை, மழை, மூடுபனி, மறுபடி மழை. மழை வந்தால் நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். வானிலை அறிக்கை கேட்கவா புத்தகம் வாங்கினேன்? கடைசிப் பக்கத்தில் அவள் தோளில் வெறும் கயிற்றோடு, அழுத கண்ணோடு சந்தைக்குள் நுழைகிறாள். ஆக, கழுதை வழியில் செத்துப்போகிறது. எந்த இடத்தில் என்றுதான் தெரியாது. அதனால் அதனிடம் ஒட்டாமல், நாலடி தள்ளி நின்றே படித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் என் அண்ணன் வீங்கிய கன்னத்தோடு மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கீழே பன்னிரண்டு மாடி ஆழத்துக்கு இருட்டுக் குழி இருக்கும். மேலே தொங்கிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பான். பல் டாக்டர் என்றால் மட்டும் ஓட்டம் பிடித்துவிடுவான். முதல் முறை, வண்டியைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். இரண்டாம் முறை, மார்பில் கட்டிய காகிதத் துணியோடு தெருவில் ஓடினான். எதிர்க்கடைக்காரர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் இது சிரிக்கிற விஷயமில்லை. பல் வேரில் சீழ் கட்டியிருந்தது. இன்றைக்கு ரூட் கெனால் செய்யாவிட்டால் சீழ் தாடைக்குள் இறங்கிவிடும், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து அறுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அம்மா போனபின் பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அந்த ஒரு தடியன்தான்.

“இந்தத் தடவையும் ஓடி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னு உன் அண்ணி சொல்லிட்டா, பாப்பா” என்றான். எனக்கு நாற்பது தாண்டியாயிற்று. அவனுக்கு இன்னும் பாப்பா.

“அண்ணி சொன்னா செய்வாங்க” என்றேன்.

ஓடுவதற்குத் தோதாக நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். உள்ளே இயந்திரம் ஒன்று கிர்ரென்றது. உடனே எழுந்துவிட்டான். என்ன பேசி நிறுத்துவது என்று தெரியாமல், இழுப்பறையைத் திறந்து கழுதைப் புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். “இதைத் தின்னா வயிறு நெறையுமா?” என்று என் புத்தகங்களை ஆயுசு முழுக்கக் கேலி பேசியவன் அவன். ஆனால் கேட்டான்.

“அந்தக் கழுதைக்குப் பேர் கிடையாதா?”

“கிடையாது.”

“பாவம்” என்று உட்கார்ந்துவிட்டான்.

தூரத்தில் ஒரு கயிற்றுப் பாலம் தெரிகிற இடத்தில் டாக்டர் கதவைத் திறந்தார். அதிகம் பேசாதவர். வேலை நேரத்தில் புத்தகம் கூடாது என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பவர். நான் புத்தகத்தை மறைப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

“கழுதை பாலத்தைத் தாண்டட்டும் டாக்டர், வந்துடறேன்.”

டாக்டர் அவனைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றோடு நம் வேலைக்குச் சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தேன்.

“நீங்களும் உள்ள வாங்க. அதையும் எடுத்துட்டு வாங்க” என்றார்.

இப்படியாக அண்ணன் சாய்வு நாற்காலியில் ஏறினான். நான் அவன் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இயந்திரத்துக்கு மேலே குரலெழுப்பிப் படித்தேன். மரத்துப்போக ஊசி போட்டபோது கழுதை புல் மேய்ந்துகொண்டிருந்தது. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் கை உயர்ந்தது.

“வலிக்குதா?”

தலை இல்லை என்று ஆடியது. விரல் என் புத்தகத்தைக் காட்டியது. வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாக, “ஆ... ழை... ன்னா...” என்றான்.

பல் டாக்டர்களுக்கு அந்தப் பாஷை தெரியும். “மழை பிடிச்சுதே, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறார். நீங்க தாவிட்டீங்க போல” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் வழக்கம்போல மழையைத் தள்ளியிருந்தேன்.

திரும்பிப் போய் அந்த மழையைப் படித்தேன். அவள் தன் போர்வையைக் கழற்றிக் கழுதையின் முதுகில் போடுகிறாள். கழுதை நகர்ந்து, காற்று வருகிற பக்கமாக அவளை மறைத்து நிற்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் விடியும்வரை நிற்கிறார்கள். இவ்வளவு நாளும் நான் தாண்டிக்கொண்டிருந்தது இதையா? நாலடி தள்ளி நின்றவளை அந்தப் பக்கங்கள் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வைத்துவிட்டன. எழுதியவர்மேல் ஆத்திரமும் வந்தது. இவ்வளவு ஆசையாக வளர்த்துவிட்டு, எப்படி மனசு வரும் கொல்ல?

பாலம் வந்தது. உரக்கப் படிக்கும்போது வாய் ஒரு வரியில் இருக்கும், கண் இரண்டு வரி முன்னால் ஓடும். கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பலகை முறிகிறது.

“இப்ப அசையவே கூடாது” என்றார் டாக்டர். மெல்லிய ஊசி வேருக்குள் இறங்கியிருந்தது. அண்ணன் கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அச்சடித்ததில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால்கூடச் சண்டைக்குப் போகிறவள் நான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாயைத் திறந்தேன்.

“கழுதை பலகையில் ஒரு காலை வைத்தது. முகர்ந்து பார்த்தது. காலை எடுத்துவிட்டது. பிறகு பாலத்துக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அவள் இழுத்தாள், கெஞ்சினாள், அதன் பரம்பரையையே திட்டினாள். கழுதை காதை மட்டும் ஆட்டியது. கடைசியில் அவளும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.”

அவன் நம்புவதற்காக ஒரு பக்கத்தையும் புரட்டினேன். அண்ணனின் வயிறு குலுங்கியது.

“சிரிக்காதீங்க” என்ற டாக்டரின் குரலே முகமூடிக்குள் குலுங்கியது.

கழுதையைச் சுற்றுவழியில் திருப்பி நடத்திக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அண்ணன் எழுந்து, கோணிய வாயோடு, முதல் காரியமாகப் புத்தகத்தைக் கேட்டான்.

“அது எனக்கு இங்க வேணும்ணா” என்றேன்.

“நீதான் மூணு வச்சிருக்கியே” என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பேருந்துப் புத்தகமும் ஓடவில்லை, தத்துவத்திலும் தூக்கம் வரவில்லை. முதலிலிருந்து படித்தாலும் அவன் பாலத்துக்கு வரத்தானே போகிறான். பல்லுக்கு மேலே மூடி மாதிரி கேப் வைக்க இன்னொரு முறை வர வேண்டும். ஏமாற்றிவிட்டாய் என்று வராமலே இருந்துவிட்டால்? செய்த வேலையெல்லாம் வீண். ஐந்தாம் நாள் அண்ணி போன் செய்தாள்.

“என்ன மருந்து போட்டீங்க அவருக்கு? டூல் பாக்ஸ்ல புத்தகம் வச்சுக்கிட்டுப் போறாரு. நேத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சாப்பிடாமலே படுத்துட்டாரு.”

பாலம் வந்துவிட்டது என்று புரிந்தது.

குறித்த நாளில் அவனாகவே வந்தான். என் மேசைமேல் புத்தகத்தை வைத்தான். கண்கள் சிவந்திருந்தன. நான் சொல்ல வைத்திருந்த சமாதானமெல்லாம் மறந்துபோயிற்று.

“அண்ணா...”

“புத்தகத்துல தப்பாப் போட்டிருக்கான், பாப்பா” என்றான். “நீ படிச்சதுதான் சரி.”

நான் ஏதோ சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. அவன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, யாரும் கூப்பிடாமலே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். டாக்டர் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“சுத்துவழியில போனாங்க” என்றார். “அதுக்கப்புறம் எனக்கும் தெரியாது.”

உட்கார்ந்தேன். புத்தகம் வெளியே மேசைமேல் கிடந்தது.

“ஒண்ணு மட்டும் முதல்ல சொல்லிடு” என்றான் அண்ணன். “சந்தைக்குப் போய் அவ அதை விக்கலையே?”

“விக்கலைண்ணா.”

அவன் வாயைத் திறந்தான்.