யூரேசியாவுக்கு ஒரே நாற்காலி

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் ஒரே மேசைக்கு அந்தப் பக்கம் ஐரோப்பா, இந்தப் பக்கம் ஆசியா. ஐரோப்பாவை எழுதியவர் கத்திரி. யார் எழுதினாலும் கால்வாசியை வெட்டித் தள்ளுவார் என்பதால் வந்த பெயர். ஆசியாவை எழுதியவளுக்கு அவர் அண்ணன் முறை மாதிரி. பதினெட்டு வருஷமாக ஒருவர் எழுதியதை மற்றவர் பென்சிலால் திருத்தாமல் மேலே அனுப்பியதே இல்லை.

திங்கட்கிழமை மேலாளர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு பிரிவையும் சேர்த்து யூரேசியா ஆக்கப்போகிறார்களாம், நாற்காலி ஒன்றுதானாம். அந்தப் பெயர் வந்த கதையை அவள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். பிழையில்லாமல் இருந்தால் நாற்காலி அவளுக்கு, பிழை இருந்தால் கத்திரிக்கு. விஷயம் வெளியே போகக் கூடாது என்றார்.

வீட்டில் புருஷன் படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம். அவள் சம்பளம் நின்றால் அடுப்பும் நிற்கும். கிரேக்கர்கள் வைத்த பெயர் என்று எழுதினாள். எழுதியதைப் பழக்கத்தில் கத்திரியிடம் நீட்டினாள். பழக்கமாவது மண்ணாவது, பயம்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஐரோப்பாவும் ஆசியாவும்தாம்மா கிரேக்கர் சொன்னது. ரெண்டையும் ஒட்டினது நேத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுல. நடுவுல கடலே இல்லாத நிலத்துக்கு எதுக்கு ரெண்டு பேருன்னு கேட்டவங்க செஞ்ச வேலை."

ஆசியா என்றால் சூரியன் உதிக்கும் பக்கம், ஐரோப்பா என்றால் அடையும் பக்கம் என்றும் அவள் அடித்துச் சொல்லியிருந்தாள். அதன் பக்கத்தில் 'உறுதியில்லை' என்று அவரே எழுதினார். அவருடைய பென்சில் தடம் தெரியாமல் அவள் புதுத் தாளில் பிரதி எடுத்து மேலாளரிடம் கொடுத்தாள். அவருக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை கத்திரிக்கு, பிரிவுகள் இணைவதால் இனி வேலை இல்லை என்று கடிதம் வந்தது. மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"நீ எழுதின அந்தப் பக்கத்துல இருந்த தப்பை நான்தான் பிடிச்சேன்னு மேலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றியாம்மா? மனசு மாறினாலும் மாறும்."

மேலாளரிடம் அவள் அவர் பெயரையே எடுத்திருக்கவில்லை. தன்னைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

"அன்னைக்கே சொல்லிட்டேன் அண்ணா. அவர் கேக்கல."

அவர் தலையாட்டினார். பென்சில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒருத்தியாவது எனக்காகப் பேசினியே" என்றார்.