ஊர்வாசலில் இட்ட பெயர்

அனாமேல் அப்பத்தைப் பிட்டானே தவிர வாயில் வைக்கவில்லை. மகனுக்குப் பெண் கேட்டு யோர்தான் ஆற்றைக் கடந்து வந்திருந்தான். பெண்ணைப் பிடித்துவிட்டது. பெயர்தான் தொண்டையில் நின்றது. அசுபாள், கைவிடப்பட்டவள்.

"பொண்ணு தங்கம், அண்ணே. ஆனா 'கைவிடப்பட்டவளே, தண்ணி கொண்டா'ன்னு என் வீட்டுல தினமும் கூப்பிட முடியுமா? மந்தை சினையா நிக்குது, அந்தப் பேரு காதுல விழுந்தா குட்டி தங்குமா? பேரை எங்க வெச்சீங்களோ அங்கயே மாத்திடுங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

"அது என் வார்த்தை இல்ல. ஆண்டவரோடது," என்றான் பெண்ணின் தகப்பன் அசரேல், அந்த ஊரின் தீர்க்கதரிசி.

அனாமேல் கழுதையைப் பார்க்க வெளியே போனான். அதுவரை மாவு பிசைந்துகொண்டிருந்த அசரேலின் மனைவி மில்காள் கையைத் துடைத்தாள்.

"அன்னைக்குப் பேசினது ஆண்டவரா, நீங்களா?"

இத்தனை வருடம் அவள் கேட்காத கேள்வி. முதல் இரண்டு பிள்ளைகளையும் மண்ணில் வைத்தவள், மூன்றாவதாவது தங்கட்டும் என்று மேட்டுத்தோப்பு அம்மனுக்குத் திராட்சை அடை படைத்துவிட்டு வந்தாள். பிரசவத்தன்று அது அவன் காதுக்கு எட்டியது. தீர்க்கதரிசியின் மனைவியே வேறு தெய்வத்திடம் போனாள் என்றால் ஊர் சிரிக்காதா? தொப்புள்கொடி காயாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர்வாசலுக்குப் போனான். "இஸ்ரவேலே, நீ சோரம் போன மனைவி. இவள் பெயர் கைவிடப்பட்டவள், நீயும் அப்படித்தான்" என்று முழங்கினான். சனங்கள் நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தைப் பார்த்து, பேசியது ஆண்டவர்தான் என்று அவனும் நம்பிக்கொண்டான். அடிவயிற்றில் எரிந்துகொண்டிருந்தது வெறும் கோபம் என்பது அன்றைக்கே அவனுக்குத் தெரியாமலில்லை.

அசரேல் எழுந்தான். மகளையும் கூட வரச்சொன்னான்.

ஊர்வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தீர்க்கதரிசி வாய் திறக்கப்போகிறான் என்றதும் தானியம் அளந்தவர்களும் கையை நிறுத்தினார்கள்.

"இவளுக்கு நான் வெச்ச பேரு ஆண்டவர் சொன்னதில்ல. பொண்டாட்டி மேல இருந்த ஆத்திரத்துல வெச்சேன். அவர் பேரைச் சொல்லி வெச்சேன். இனிமே இவ நாமாள், இனியவள்."

பொய்த் தீர்க்கதரிசி என்று எறிய யாரும் கல்லெடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும். மூத்தவர் எல்தாது தாடியைத் தடவியபடி கேட்டார்: "பஞ்சம் வரும்னு சொன்னியே, அது யாரு சொன்னது? என் மகன் போர்ல சாவான்னு சொன்னியே, அது?"

அவை மெய்யாகவே ஆண்டவர் சொன்னவைதான் என்று அசரேலுக்குத் தெரியும். இனி அதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? கூட்டம் கலைந்தது. ஒருவன் காறித் துப்பினான். துப்பியது மகள் மேல் அல்ல, இவன் நிழல் மேல்.

அதற்குள் மகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

"நாமாள்."

அவள் திரும்பவில்லை. கோபம் இல்லை, அது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். முன்னால் விறகு சுமந்து போன யாரோ ஒருத்தி சுமையோடு திரும்பிப் பார்த்தாள். பழைய பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, மகளின் கால்கள் கிளப்பிய புழுதிக்குள் நடந்தான்.