மணியில்லாத படகு

பதினெட்டு வருஷம் தண்ணீரைப் பார்க்காமலே தண்ணீரில் வாழ்ந்தவன் நான். மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்வரும் பயணிகள் போட்டில் எஞ்சின் டிரைவர். ஸ்ராங்கு மேலே நின்று சுக்கானைப் பிடிப்பார். அவர் கயிற்றை இழுத்தால் கீழே எஞ்சின் குழிக்குள் என் தலைக்கு மேல் மணி அடிக்கும். எண்ணிக்கைக்கு ஏற்ப முன்னே, பின்னே, நிறுத்து. மூச்சு விடும் நேரத்தில் செய்துவிடுவேன். போட் எங்கே திரும்பியது, எதன் பக்கத்தில் நின்றது என்று நான் கேட்டதில்லை. ஸ்ராங்கு பரீட்சையில் எப்போதோ தேறியிருந்தேன். யாரும் மேலே கூப்பிடவில்லை.

எழுபத்தொன்பதில், மழை ஓய்ந்த சமயம், வெங்கிடராமன் சாமி ஒரு லாஞ்ச் வாங்கினார். கப்பல் ஏஜென்சி நடத்துபவர். அதில் இரண்டு எஞ்சின், இரண்டு புரொப்பல்லர். மணியும் இல்லை, கீழே ஆளும் இல்லை. சுக்கானுக்குப் பக்கத்திலேயே இரண்டு லீவர்கள். ஓட்ட வந்த ஸ்ராங்குகளின் கை, பழக்கத்தில், இல்லாத கயிற்றைத் தேடியது. எஞ்சின் தெரிந்தவனே வரட்டும் என்று சாமி என்னை அழைத்தார். ஒரு மாதம் பழக வேண்டும், பிறகு அவரே ஏறிப் பார்ப்பார். பிடித்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் மறுபடி குழி.

பழகத் தொடங்கிய மூன்றாம் நாள் அது நடந்தது. காயல் என்கிற உப்பங்கழியின் நடுவில், சுக்கானைத் தொடாமல், இடது எஞ்சினை முன்னுக்கும் வலது எஞ்சினைப் பின்னுக்கும் கொஞ்சமாகக் கொடுத்தேன். லாஞ்ச் நின்ற இடத்திலேயே சுழன்றது. வில்லிங்டன் தீவின் கிரேன்கள், தோப்பும்படிப் பாலம், பஜாரின் ஓட்டுக் கூரைகள், காயல் கடலில் சேரும் அழிமுகத்துக்கு மேலே திறந்து கிடந்த வானம், எல்லாம் மெல்ல என்னைச் சுற்றி வந்தன. நான் மட்டும் அசையவில்லை. இவ்வளவும் இத்தனை வருஷமாக என் தலைக்கு மேல் இருந்திருக்கிறது.

"வாயை மூடுங்க அண்ணாச்சி, ஈ போயிரும்" என்றான் லாஞ்சைக் கட்டக் கயிறு எறியும் பிச்சைமணி. "கொச்சியைப் பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல நிக்கிறிய!"

லாஞ்சை இன்னொரு சுற்று சுழற்றினேன்.

சாமி ஏறிய நாள் காலை, கடலை நோக்கி நீர் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டத்தோடுதான் படகுத்துறை ஜெட்டிக்கு வந்தோம். ஓட்டத்தை எதிர்த்து நின்றால்தான் படகு கைக்குள் இருக்கும். ஆகவே திரும்பித்தான் கட்ட வேண்டும். அகலமான இடத்திலேயே திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த அதிசயத்தைச் சாமி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஜெட்டிக்கு அருகில் வந்து, ஒரு லீவரை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் பாதிக்கு மேல் தள்ளினேன்.

லாஞ்ச் சுழன்றது. "பேஷ்!" என்றார் சாமி.

புரொப்பல்லர்கள் தள்ளிய நீர், பக்கத்தில் அரிசி மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு வஞ்சிப் படகில் மோதியது. கழுக்கோல் ஊன்றி அதைத் தள்ளிய ஹம்சா அண்ணன், ஊர் வழக்கில் ஹம்சக்கா, நிலைதடுமாறிக் காயலில் விழுந்தார். எஞ்சின் தள்ளும் நீர் எங்கே போய் முடிகிறது என்று குழிக்குள் இருந்தவன் என்றைக்கு யோசித்தான்?

திரும்பிப் பார்த்தபோது அவர் தலை லாஞ்சின் பின்பக்கத்தில் ஒருமுறை தெரிந்தது. அடுத்த கணம் லாஞ்சுக்கு அடியில் மறைந்தது.

இரண்டு லீவர்களையும் நடுவுக்கு இழுத்தேன்; புரொப்பல்லர்கள் நின்றன. ஓட்டம் லாஞ்சை ஜெட்டியின் மரத்தூண்களை நோக்கித் தள்ளத் தொடங்கியது.

"கட்டையில இடிக்கப் போறதுடா!" சாமி கத்தினார். "பின்னுக்குக் குடு! சொல்லறேனோல்லியோ, குடு!"

தலைக்கு மேல் மணி அடித்தது போலிருந்தது. என் கைகள் தாமாகவே லீவர்களை இறுக்கின. ஒருமுறைகூட மணியை மீறாத கைகள் அவை. கொஞ்சம் பின்னுக்குக் கொடுத்தால் புது லாஞ்ச் தப்பிக்கும். வேலையும் எனக்குத்தான். எங்கள் காலடியில், இரண்டு புரொப்பல்லர்களுக்கு நடுவே எங்கோ, ஒரு மனிதர்.

லீவர்களை விட்டேன். இரண்டு எஞ்சினையும் அணைத்தேன்.

அதன்பின் வந்த நிசப்தத்தை எப்படிச் சொல்ல? முழுக் காயலும் எங்களைத் தன் போக்கில் கொண்டுபோனது. படகின் பலகையில் நீர் உரசுவதை முதல்முறையாகக் கேட்டேன். அதற்கு எங்கள் யாருடைய உத்தரவும் வேண்டியிருக்கவில்லை.

முன்பக்கம் தூணில் மோதியது. லாஞ்சின் கைப்பிடிக் கம்பி வளைந்து, முகப்பு மரம் பிளந்தது. சாமி உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்கத்தில் ஒரு கை மேலே வந்தது. பிச்சைமணி குப்புற விழுந்து அதைப் பிடித்தான். ஹம்சக்கா உப்புநீரைத் துப்பியபடி ஏறி வந்தார்.

"எடா, இது காயல்டா! உன் வாப்பாவோட முற்றமில்ல!"

"ஏச்சு வாங்கியாச்சுல்ல, ஆளு பத்திரம் அண்ணாச்சி" என்றான் பிச்சைமணி.

சாமி பிளந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். "நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்தது சாமி. கீழே ஆள் இருந்தாரு."

"நான் பாக்கலையே."

"மேலேருந்து தெரியாது சாமி."

அவர் ஈரம் சொட்டும் ஹம்சக்காவைப் பார்த்தார். ஒரு ஃபெரி கடந்து போனது. அதன் அலை வந்து, எங்களை ஆட்டி, அடங்கியது.

"மரத்தை இன்னிக்கே சரி பண்ணச் சொல்லு" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலம்பர ஏழு மணிக்குக் கப்பல் வரது. இனிமே எனக்காக ஒண்ணும் திருப்பிக் காட்ட வேண்டாம், கேட்டியோ? நடுக் காயல்ல திரும்பு."

பின்புறம் போய் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தேன். கலங்கிய பச்சை நீர், வேறொன்றும் இல்லை. இன்னொரு முறை பார்த்தேன். பிறகுதான் முதல் எஞ்சினை முடுக்கினேன். கீழே நீர் வெள்ளையாகக் கொதித்து எழுந்தது. இரண்டாவதை முடுக்கக் கொஞ்ச நேரம் எனக்குக் கை எழவில்லை.