இறுகாத சறுக்குமரம்

சறுக்குமரத்தை வார்க்கும் அச்சுக்குள் விரலை வைத்துப் பார்த்தான். ஒட்டியது. காலையில் பூசிய பிசின் மதியத்துக்குள் கல்லாகியிருக்க வேண்டும். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அச்சுக்கு அந்தப் பக்கம் மனைவி பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டி வாசலில் தயாராக இருந்தது. இருவரும் சேர்ந்து தொடங்கிய ஃபைபர் கிளாஸ் பட்டறை இது. போன வாரம் வாடிக்கையாளர் ஒருவரிடம், "அவளை என்ன கேக்கறீங்க? அவ ஹெல்ப்பர்தானே" என்று சொல்லிவிட்டான். அதோடு பேச்சு நின்றது. நேற்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த ஒண்ணை முடிச்சுட்டு அண்ணனோட போறேன்." நாலு கையும் ஒரே வேலையில் இறங்கினால் அவள் மனம் இளகிவிடும் என்று நம்பியிருந்தான்.

பிசின் தானாக இறுகாது. அதில் ஹார்டனர் விழ வேண்டும். அது ஒரு பெராக்சைடு. உடைந்து, ஜோடியில்லாத எலக்ட்ரானோடு தவிக்கும் துண்டுகளாகும். ஒரு துண்டு பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், சங்கிலி மளமளவென்று நீளும், கூடவே சூடும் ஏறும். அந்த முதல் பிடி இல்லாவிட்டால் எவ்வளவு காத்திருந்தாலும் கூழ்தான். ஹார்டனர் தண்ணீர் போலிருக்கும். போட்டதும் தெரியாது, போடாததும் தெரியாது. அதனால் யார் கை ஒழிந்திருக்கிறதோ அவர் ஊற்றுவார், மற்றவர் "போட்டாச்சா?" என்று கத்துவார். "போட்டாச்சு!" என்று பதில் வந்த பிறகே வாளிக்குள் பிரஷ் இறங்கும்.

இன்று காலை யாரும் கத்தவில்லை.

"நீ போட்டியா?" என்றான்.

அவள் கை நின்றது. "நீங்க போடலையா?"

"வாளியைக் கொண்டுவந்தது நீ."

"கலக்கினது நீங்க. முதலாளியைக் கேக்காம ஹெல்ப்பர் ஊத்தலாமா?" கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். குரல் பாதியில் உடைந்தது.

"மேல இன்னொரு பூச்சு, ஹார்டனர் தூக்கலா போட்டு..."

"மேல தோல் கட்டும். உள்ள பச்சையாவே கிடக்கும். குழந்தைங்க ஏறி விளையாடப்போறதுங்க."

"அப்போ சுரண்டிப் போட்டுட்டு முதல்லேருந்து பண்ணுவோம். ரெண்டு பேருமா. அன்னைக்கு வாய் தவறிடுச்சும்மா."

"அதைச் சொல்ல இத்தனை நாள் ஆச்சா? இது கெட்டுப்போன பிறகுதான் வாய் வந்துச்சா?"

அவன் சுரண்டியை எடுத்து அச்சின் ஓரத்தில் வைத்தான்.

வாசலில் வேன் வந்து நின்றது. அவள் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் பெட்டியைத் தூக்கினார். அவள் விரல்களைத் துணியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், பிசுபிசுப்பு போகவில்லை. முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வேனில் ஏறினாள்.

வேன் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வாளியின் அடியில் மிஞ்சியிருந்த பிசினைக் காகிதக் கப்பில் வழித்து, ஹார்டனர் விட்டுக் கலக்கினான். சற்று நேரத்தில் கப் கையைச் சுட்டது. கவிழ்த்துப் பார்த்தான்.

ஒரு சொட்டும் விழவில்லை.