வாசிமும் சக்தியும்

ஷார்ஜாவிலிருந்து அண்ணன் வாசிம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த லிங்க்கை ஃபர்ஹா திறக்கவே இல்லை. அவன் அனுப்புவதெல்லாம் மூட்டுவலி வைத்தியமாகத்தான் இருக்கும். மறுநாள் அவனே போன் பண்ணினான்.

"லிங்க்க பாத்தியா? உன் கேமு திரும்ப வந்துருக்கு."

"எந்தக் கேமு?"

"எந்தக் கேமா? என் பேர்ல உக்காந்து ராப்பகலா ஆடுனியே, அதான். பழைய ஆளுங்க சேந்து சர்வர் ஓட்டுறாங்களாம், பழைய பேரு பாஸ்வேர்டெல்லாம் அப்படியே இருக்காம். ஞாயித்துக்கெழமைல ஆள் வருதாம்."

போனை வைத்ததும் ஃபர்ஹா அடுப்பைப் பற்ற வைக்காமல் லிங்க்கைத் திறந்தாள்.

அந்தக் கேமுக்கு 'கோல்ட் ரிட்ஜ்' என்று பேர். வாசிம் ஷார்ஜாவுக்குப் போனபோது லப்பைக்குடிக்காட்டு வீட்டில் விட்டுப் போன கம்ப்யூட்டரில் கிடந்தது. அவனிடம் முகம் பார்த்துப் பேசவேண்டும் என்று அத்தா நிஜாமுதீன் பிராட்பேண்ட் கனெக்‌ஷன் போட்டிருந்தார். பெரம்பலூரில் காலேஜ் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை கம்ப்யூட்டர் ஃபர்ஹாவுக்குத்தான். மகள் ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறாள் என்று அத்தா நினைத்துக்கொண்டிருந்தார். காதில் மாட்டிய ஹெட்போன் துப்பட்டாவுக்குள் மறைந்திருக்கும்.

இப்போது பிள்ளைகள் போனில் ஆடுகிற மாதிரியான சண்டை இல்லை அது. அதில் குதிக்க முடியாது, பறக்க முடியாது. ஒரு தோட்டா பட்டால் செத்தாய். செத்தவன் அந்த ஆட்டம் முடியும்வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். துப்பாக்கியில் எத்தனை குண்டு மிச்சம் என்று திரையில் காட்டாது. நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஓடினால் மூச்சு வாங்கும், குறி தப்பும். பனியில் குப்புறப் படுத்து, தூரத்தில் ஒரு ஜன்னலையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் நடக்காமல் காத்துக் கிடப்பதுதான் பாதி ஆட்டம். ஃபர்ஹாவுக்கு அந்தக் காத்திருப்புதான் பிடித்தது. அந்த நேரம் யாரும் அவளை டீ போடச் சொல்ல மாட்டார்கள்.

அண்ணன் பேரை அவள் மாற்றவில்லை. பெண் பேரைப் பார்த்தால் அங்கே பையன்கள் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு "போட்டோ அனுப்பு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அவள் வாசிம்.

திருச்சி, பெங்களூர் பையன்கள் வருவார்கள், தடதடவென்று ஓடுவார்கள், செத்துப்போவார்கள். அவளைப் போலவே ஊர்ந்து ஊர்ந்து வருகிற ஆள் ஒருத்தன்தான் இருந்தான். பேர் சக்தி. ஒருநாள் இருவரும் ஒரு சுவருக்குப் பின்னால் படுத்திருந்தபோது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினான்.

"எந்த ஊரு மச்சி?"

"லப்பைக்குடிக்காடு."

"அடப்பாவி. நான் செந்துறை."

ஒரு மணி நேரத்துப் பயணம்கூட இல்லை. ஆனாலும் நேரில் பார்க்கலாம் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல முடியாது. நல்லவேளையாக அவனும் கேட்கவில்லை. "பின்னாடி நான் பாத்துக்கிறேன்" என்று ஒருவருக்கொருவர் தட்டிக்கொள்வார்கள். அவன் அப்படித் தட்டிவிட்டால் ஃபர்ஹா திரும்பிப் பார்க்கவே மாட்டாள்.

ஒரே ஒரு மிஷனை மட்டும் அவர்களால் முடிக்க முடியவில்லை. உறைந்த ஆற்றின் மேல் உடைந்த பாலம். அதற்கு அந்தப் பக்கம் ரேடியோ ஸ்டேஷன். உள்ளே கட்டிப்போட்டிருக்கும் இரண்டு பேரை உயிரோடு கூட்டி வரவேண்டும். அது கரண்ட் கட் காலம். பாதிப் பாலம் தாண்டுவதற்குள் லப்பைக்குடிக்காட்டில் போய்விடும். இங்கே இருந்தால் செந்துறையில் சக்தியின் டாங்கிள் சிக்னல் போய்விடும். எதிரி கையால் செத்ததைவிட கரண்ட் கையால் செத்ததுதான் அதிகம்.

பிறகு உள்ளூரிலேயே நிக்காஹ் முடிவானது. கம்ப்யூட்டரை வாசிமின் நண்பனுக்குக் கொடுத்துவிடப் பேசியிருந்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் அவள் தட்டினாள்: "துபாய் போறேன்டா. வேலை கெடச்சிருச்சு."

 பதில் வந்தது: "போயிட்டு வா மாப்ள. ஒடம்ப பாத்துக்க."

இதெல்லாம் நடந்து பதிமூன்று வருஷமாகிறது. புருஷன் அப்துல் ஹாதியிடம் ஃபர்ஹா இதைச் சொன்னதில்லை. மறைக்கவில்லை, சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. தோஹாவில் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஹாதி இப்போது லீவில் வந்திருந்தான். அவன் லேப்டாப்பில்தான் அவள் கேமை இறக்கினாள்.

"என்ன எறக்குற?"

"கேமு."

"ஹுமாவுக்கா?"

"எனக்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஹுமா மதரஸா விழா ஒத்திகைக்குப் போயிருந்தாள். ஹாதி சோபாவில் படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபர்ஹா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து ஹெட்போன் மாட்டினாள். பழைய பாஸ்வேர்டு இரண்டாம் தடவையில் சரியாக விழுந்தது. திரை முழுக்க வெள்ளையானது. பூட்ஸ் காலுக்குக் கீழே பனி நெரிபடும் சத்தம் கேட்டது.

எந்த விசையை அழுத்தினால் சாய்ந்து எட்டிப் பார்க்கலாம் என்பதே மறந்துபோயிருந்தது. முதல் ஆட்டத்தில் கதவுக்கு நடுவில் நின்று செத்தாள். இரண்டாவதில் தன் ஆள் பக்கத்திலேயே குண்டைப் போட்டாள். மூன்றாவது ஆட்டத்துக்கு ஆள் சேர்கையில் பட்டியலில் அந்தப் பேரைப் பார்த்தாள். சக்தி.

அவள் தட்டும் முன்பே அங்கிருந்து வந்தது.

"மாப்ள, நீயா?"

"நான்தான்."

"துபாய்லயா இருக்க?"

அவள் "ஊர்ல" என்று மட்டும் தட்டினாள்.

"நல்லாருக்கியா? கல்யாணம் காச்சி?"

"ஆச்சு. ஒரு பொண்ணு."

"எனக்கும் ஒரு பையன். டைப் பண்ணி முடியலடா, வயசாயிருச்சு. மைக் போடு, பேசிக்கிட்டே ஆடுவோம்."

ஃபர்ஹா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஹாதி தலையைத் திருப்பினான்.

"என்னாச்சு?"

சொன்னாள். அண்ணன் பேர், சக்தி, பாலம், துபாய் பொய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, புருஷனிடம் இதைப் போய்ச் சொல்கிறோமே என்று பயம் வந்தது. இரண்டு வருஷம் ஒரு ஆம்பளையோடு "டா" போட்டுப் பேசியிருக்கிறாள்.

ஹாதி டிவி சத்தத்தைக் குறைத்தான். எழுந்து வந்து திரையைப் பார்த்தான். பனிக்கு நடுவில் ஒரு சிப்பாய் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

"இவனா?"

"ம்."

"பாவம், காத்துக்கிட்டு நிக்கிறான் பாரு. உள்ளத சொல்லிரு. கோச்சுக்கிட்டான்னா போறான்."

"நீங்க ஒண்ணும் நெனக்கலையா மச்சான்?"

"நெனக்கிறதுக்கு என்ன இருக்கு? எனக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப 'கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்ச புள்ள'ன்னு உங்க அத்தா சொன்னாரு. அது என்ன கோர்ஸுன்னு இப்பத்தான் தெரியுது."

அவள் ஹெட்போனை மாட்டி மைக்கை அழுத்தினாள்.

"ஹலோ... ஸாரிங்க. நான் வாசிம் இல்ல. வாசிமோட தங்கச்சி. அப்ப ஆடுனதும் நான்தான்."

 திரையில் சிப்பாய் அப்படியே நின்றான். காற்று மட்டும் அடித்தது. போய்விட்டான் என்று நினைத்தாள். ஒருவேளை திட்டப் போகிறானோ.

காதுக்குள் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் பீறிட்டு வருகிற பெண் சிரிப்பு.

"அடிப்பாவி! நான் சக்தி இல்லடி. சக்தியோட அக்கா!"

ஃபர்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாதி அவள் தோளைத் தொட்டு "என்ன? என்ன சொல்றான்?" என்றான். சிரிப்பில் அவள் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவன் காதில் வைத்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.

அவள் பேர் சத்யப்பிரியா. காலேஜில் சர்க்கார் கொடுத்த இலவச லேப்டாப்பில் ஆடியிருக்கிறாள். தம்பி சக்தி ஆட்டம் பிடிக்காமல் விட்டுப்போன பேரை எடுத்துக்கொண்டிருக்கிறாள், அதே காரணத்துக்காக. இப்போது அரியலூரில் இ.பி. ஆபீஸில் அசிஸ்டெண்ட் இன்ஜினியர்.

"இ.பி.யா?" என்றாள் ஃபர்ஹா. "பாலத்துமேல எத்தன தடவ நம்மள சாவடிச்ச டிபார்ட்மெண்ட்டு."

"ஏங்க, அப்ப நான் வேலைக்கே சேரலைங்க!"

அந்த 'ங்க' இருவருக்கும் ஒரு மாதிரி இருந்தது. அன்று ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. இரண்டு சிப்பாய்களும் பனியில் நின்றுகொண்டே இருந்தார்கள், இவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு செந்துறைக்கு அப்பா அம்மாவைப் பார்க்க வந்த சத்யப்பிரியா, அங்கிருந்து அகரம்சீகூர் வழியாக ஸ்கூட்டியில் லப்பைக்குடிக்காட்டுக்கு வந்தாள். முதுகில் லேப்டாப் பை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஃபர்ஹாவுக்குக் கூச்சம் வந்துவிட்டது. காதுக்குள் அவ்வளவு பழகிய குரல், முகத்தில் வைத்துப் பார்த்தால் யாரோ போல இருந்தது. "வாங்க, உக்காருங்க" என்றாள். "பரவால்லைங்க" என்றாள் அவள். ஜூஸ் குடித்தார்கள். வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டார்கள். 

மாமியார் ரஷீதா வந்து உட்கார்ந்தார். "எங்கம்மா பழக்கம் ரெண்டு பேருக்கும்? காலேஜா?"

"இல்லம்மா. போர்ல பழக்கம்."

"எந்தப் போரு? நம்ம கொல்லையில போட்டமே, அதுலயா? அது தண்ணி வராமப் போயிருச்சேம்மா. நீதான் கரண்ட் ஆபீஸாமே, அந்த மோட்டாருக்கு..."

ஹாதி எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சிரித்தான். சத்யப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபர்ஹாவைப் பார்த்தாள். அதோடு கூச்சம் போயிற்று.

"ஏய், மெஷின எட்றா" என்றாள் ஃபர்ஹா.

மேஜையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து பாலத்தை எடுத்தார்கள். பேசிச் சிரித்ததில் முதல் தடவை பாலத்தில் கால் வைப்பதற்குள் செத்தார்கள். இரண்டாவதில் சத்யப்பிரியாவின் போன் அடித்தது. ஏதோ தெருவில் கரண்ட் இல்லையாம். லைன்மேனிடம் அவள் பேசி முடிப்பதற்குள் இருவரையும் சுட்டுவிட்டார்கள்.

"இனிமே பேசக்கூடாது" என்றாள் ஃபர்ஹா.

பேசவில்லை. உடைந்த கம்பிகளுக்கு நடுவே ஊர்ந்தார்கள். ஒருத்தி போனால் ஒருத்தி படுத்தாள். ரேடியோ ஸ்டேஷன் படிக்கட்டில் சத்யப்பிரியாவின் சிப்பாய் நின்றதும், ஏன் நின்றான் என்று ஃபர்ஹாவுக்குத் தெரிந்தது. கேட்காமலே மேல் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு நிழல். அவள் சுட்டாள். ரஷீதா சாப்பிடக் கூப்பிட்டார், இருவர் காதிலும் விழவில்லை. ஹாதி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பின்னால் உட்கார்ந்து, அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

கட்டை அவிழ்த்துவிட்டதும் அந்த இரண்டு பேரும் தள்ளாடித் தள்ளாடிப் பின்னால் வந்தார்கள். ஃபர்ஹா முன்னால், சத்யப்பிரியா கடைசியில். பாலத்தின் இந்தப் பக்கம் கால் வைத்ததும் திரை கறுத்தது. 'மிஷன் முடிந்தது. நால்வரும் உயிருடன்' என்று சின்ன எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. பாட்டு இல்லை, கைத்தட்டல் இல்லை. மறுபடி மெனு வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றான் ஹாதி.

"அவ்வளவுதான்" என்றாள் சத்யப்பிரியா. உள்ளங்கையை ஃபர்ஹாவிடம் நீட்டினாள். ஃபர்ஹா அதில் ஓங்கித் தட்டினாள். 

நெய்ச்சோறு ஆறிப்போயிருந்தது. தால்சாவைச் சுடவைத்து ஊற்றிக்கொண்டு மூவரும் வெட்கமில்லாமல் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது ரஷீதா ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்து, மோட்டார் விஷயத்தை மறந்துவிடாதே என்றார்.

லீவு முடிந்து ஹாதி தோஹா போனான். அங்கே ஒரு லேப்டாப் வாங்கிக் கேமை ஏற்றினான். சனிக்கிழமை அவனுக்கு லீவு. சத்யப்பிரியாவுக்கும் போன் அடிக்காவிட்டால் லீவு. மூன்று பேராக ஆடுகிறார்கள். ஹாதிக்குப் படுத்துக் கிடக்கப் பொறுமை இல்லை. "ஓடாதீங்க மச்சான்" என்று ஃபர்ஹா சொல்வதற்குள் ஓடியிருப்பான், செத்திருப்பான்.

செத்த பிறகு அவன் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. டீயை வைத்துக்கொண்டு, பனியில் அவர்கள் இருவரும் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆடுவதைவிட அதுதான் நன்றாக இருக்கிறது என்கிறான்.